நூற்றெழுபத்தொரு பூச்சு

இதில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. வில்லியனூர் அம்மன் சன்னதியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யவும் தயார். ஆனால் நான் இப்போது இருப்பது பாகூரில், என் மைத்துனன் சுப்பராயலுவின் வீட்டில். இங்கே கற்பூரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார்கள். ஆகவே கற்பூரமில்லாமல் வெறுங்கையால் சத்தியம் செய்கிறேன். இதற்கு முன்பு இரண்டு தடவை சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னதுண்டு, மறைப்பானேன். இரண்டும் மாடு விற்ற விஷயம். வீட்டு விஷயத்தில் இந்தத் தணிகைவேல் பொய் சொன்னான் என்று எவனும் சொல்ல முடியாது.

பாகூருக்கு நான் வந்தது காற்று மாறுவதற்காக. அதை அப்புறம் சொல்கிறேன்.

வில்லியனூரில் எங்கள் வீடு கடைத்தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பது. கட்டியவர் என் பாட்டனுக்குப் பாட்டன். நீலத்துணி வாங்கிப் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றிவிடுகிற வியாபாரம். வெள்ளைக்காரனோடு பழகிப் பழகி அவர் இடுப்புக்கு மேலே கோட்டும் இடுப்புக்குக் கீழே வேட்டியுமாக உடுத்தத் தொடங்கினாராம். வீட்டையும் அப்படியே கட்டிவிட்டார். கீழ்த்தளம் முழுக்க நம்ம ஊர்: நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் எட்டு மரத்தூண், குனியாமல் நுழைகிறவன் நெற்றியைப் பதம் பார்க்கும் நிலைப்படி. மாடி முழுக்கப் பிரெஞ்சு: வளைவு வைத்த ஜன்னல்கள், பலகை பலகையாகத் திறக்கிற கதவுகள், மொட்டைமாடியைச் சுற்றி ஜாடி ஜாடியாக நிற்கிற கைப்பிடிச் சுவர். இரண்டையும் சேர்க்கிற படிக்கட்டு மட்டும் எந்த தேசத்தைச் சேர்ந்தது என்று தெரியவில்லை. பதினேழு படி, ஒன்றைப்போல் ஒன்று கிடையாது. புது ஆள் ஏறினால் ஒன்பதாவது படியில் சாமி பெயரைச் சொல்லாமல் இருக்கமாட்டான்.

சுவர்ப் பூச்சில் சுண்ணாம்போடு கடுக்காய், வெல்லம், முட்டையின் வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்தார்களாம். வீடு கட்டி முடிகிற வரைக்கும் வில்லியனூரில் ஒரு கோழிக்குஞ்சு பொரிக்கவில்லை என்பார்கள். சின்ன வயதில் நான் அந்தச் சுவரை நக்கிப் பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் லேசாக இனிக்கும். கொல்லைப் பக்கம் அவ்வளவு ருசியில்லை.

மாடி அறையில் என் கட்டிலுக்கு நேர் மேலே தளத்தில் ஒரு ஓட்டை இருந்தது. கோழிமுட்டை அளவு. அதை அடைக்கவேண்டும் என்று என் அப்பா இருபது வருஷம் நினைத்தார். நான் முப்பது வருஷம் நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் நினைப்புக்குக் குறைவே கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு, ஆவணி மாதம். ஒரு நாள் காலை வெளியே வந்து பார்க்கிறேன், மரியதாஸ் எங்கள் பக்கச் சுவரில் மேலிருந்து கீழே சிவப்புச் சாயத்தில் கோடு இழுத்துக்கொண்டிருக்கிறான். மரியதாஸ் மேரியில், அதாவது எங்கள் ஊர்வட்டமான கொம்யூனின் கச்சேரியில், குமாஸ்தா. பிரெஞ்சு படித்தவன். நல்ல பையன்; நாற்பது வயது.

“இன்னாபா மரியதாஸு, எங்க வூட்டுக்கு நாமம் போட்டுகினு இருக்கறே?”

“நாமம் இல்லீங்கய்யா, கோடு. தெருவ நேராக்கறாங்க. கோட்டுக்கு இந்தாண்ட இருக்கறத எல்லாம் எடுத்துடணும்.”

“கோடு படிக்கட்டு மேல போவுதே.”

“ஆமாங்க.”

“படிக்கட்ட எடுத்துட்டா மாடிக்கு எப்பிடிப்பா ஏறறது?”

“மாடியும் இருக்காதுங்கய்யா. அதனால அந்தத் தொல்ல இல்ல.”

உள்ளே போய் விருத்தாம்பாளிடம் சொன்னேன். விருத்தாம்பாள் என் மனைவி. அவள் அரிவாள்மணையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: “வூடு போனா நான் பாகூர்ல எங்க அண்ணன் வூட்டுக்குப் போயிடுவேன். நீங்களும் வரலாம். அண்ணன் கரும்பப் பத்திப் பேசும், நீங்க கேட்டுகினு இருக்கலாம்.”

சுப்பராயலு தங்கமான மனிதன். ஆனால் கரும்பைப் பற்றி இவ்வளவு விஷயம் இருக்கிறது என்பது அந்தக் கரும்புக்கே தெரியாது.

திரும்ப ஓடி மரியதாஸின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவனும் மனமிரங்கி ஒரு வழி சொன்னான். கொம்யூன்களில் உள்ள பழைய வீடுகளைப் பட்டியல் எடுக்கப் புதுச்சேரியிலிருந்து ஒரு துரை வருகிறார். பெயர் மிசியே பொர்த்தான். பட்டியலில் வீடு ஏறிவிட்டால் அதை யாரும் தொட முடியாது. தெருதான் ஒதுங்கிப் போகவேண்டும்.

“வியாழக்கெழம காலையில இட்டுனு வர்றேன். ஆனா வூடு ரொம்பப் பழசுன்னு அவுருக்குத் தோணணும். இல்லன்னா அதுல எதுனா சரித்திரம் நடந்திருக்கணும்.”

சரித்திரம் என்றதும் எனக்குக் கவலை வந்தது. எங்கள் வீட்டில் எதுவுமே நடந்ததில்லை. நடந்த பெரிய சம்பவம் என் கல்யாணம். அதைச் சரித்திரம் என்று விருத்தாம்பாள் ஒப்புக்கொள்ளமாட்டாள், விபத்து என்பாள்.

ஆனால் யோசித்தேன். ஆங்கிலேயன் வில்லியனூரைப் பிடித்த சண்டை ஒன்று உண்டு, ஆயிரத்து எழுநூற்று அறுபதில். சண்டை என்றால் பீரங்கி. பீரங்கி என்றால் குண்டு. குண்டு விழுந்தால் ஓட்டை. ஓட்டை என்னிடம் தயாராக இருக்கிறது! முப்பது வருஷச் சோம்பலுக்குப் பலன் கிடைக்கப்போகிறது என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. குறை ஒன்றே ஒன்று: குண்டு இல்லை.

குண்டைத் தேடிப் பாகூருக்கு வண்டி கட்டினேன். சுப்பராயலுவின் நீர் இறைக்கிற கிணற்றுத் துலாவில் வால்பக்கத்துப் பாரத்துக்காக உருண்டைக் கல் ஒன்று கட்டியிருப்பார்கள். பூசணிக்காய் அளவு, அதைவிடக் கனம். அதைக் கேட்டேன். கொடுப்பதற்கு அவன் இரண்டு நாள் எடுத்துக்கொண்டான். அந்த இரண்டு நாளும் எதைப் பற்றிப் பேசினான் என்று சொல்லத் தேவையில்லை.

புதன்கிழமை பொழுது சாய வீடு வந்து சேர்ந்தேன். வண்டிக்காரனை, “தெரு மாறி வந்துட்டியேடா” என்று திட்டினேன். ஏனென்றால் எதிரே நின்றது எங்கள் வீடு இல்லை. நேற்றுக் கட்டி முடித்த வீடு. சுவரெல்லாம் நீலம் கலந்த வெள்ளை, கண் கூசுகிறது. தூணெல்லாம் எண்ணெய் தடவி மின்னுகிறது. வாசலில் மாவிலை. நிலைப்படியில் மஞ்சள், குங்குமம். அந்தச் சிவப்புக் கோட்டின்மேல்கூட வெள்ளையடித்தாகிவிட்டது.

உள்ளேயிருந்து விருத்தாம்பாள் சுண்ணாம்புக் கையோடு வந்தாள். “எப்பிடி கீது?”

“அடிப்பாவி! பழைய வூடுன்னு காட்டறதுக்குத்தானே தொர வர்றான்!”

“பழைய வூடுன்னா? தொர வர்ற வூடு எழவு வூடு மாதிரி கெடக்கணுமா? வெள்ளைக்காரன் வந்து, இவ ஒரு வெள்ளகூட அடிக்காதவள்னு ஊரெல்லாம் சொல்றதுக்கா? நாளு கெழம, கல்யாணம் காட்சி, எதுக்கு அடிக்காம இருந்தோம்?”

நியாயம்தான். விருந்தாளி வருகிறான் என்றால் வெள்ளையடிக்காமல் எங்கள் பக்கத்தில் யார் இருந்திருக்கிறார்கள்? இருந்தாலும் ஓட்டை இருக்கிறதே என்று தைரியம் சொல்லிக்கொண்டேன். மெல்ல மாடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். ஓட்டையைக் காணோம்.

கீழிருந்து அவள் குரல் மட்டும் வந்தது: “தங்கவேல் கொத்தனார இட்டாந்து அதையும் அடச்சிட்டேன். அர மணி நேரம்கூட ஆவல. நீங்க முப்பது வருசமா இன்னாதான் நெனச்சிங்களோ!”

வியாழக்கிழமை விடிந்ததும் துலாக்கல்லைத் தோளில் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். கொத்தனார் அடைத்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது. கல்லை அங்கே போட்டால் பழைய ஓட்டை குண்டு அளவுக்குப் பெரிதாகத் திறந்துகொள்ளும். குண்டும் ஓட்டைக்குக் கீழே என் கட்டிலில், துரை பார்க்கிறபடி, பாந்தமாக உட்கார்ந்திருக்கும். திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. அதைச் செய்கிற ஆள்தான் குறை. தெருமுனையில் மோட்டார் சத்தம் கேட்டதும் அவசரப்பட்டுவிட்டேன். கல்லைத் தலைக்கு மேலே தூக்கினேன். முழு பலத்தோடு போட்டேன். கல் போயிற்று. கல் போன வழியில் நானும் போனேன்.

அக்குள் வரைக்கும் போய் நின்றுவிட்டேன். மேலே தலையும் இரண்டு கையும். கீழே மாடி அறையில் என் இரண்டு கால்.

கல் எனக்காகக் காத்திருக்கவில்லை. கட்டிலை முறித்துக்கொண்டு உருண்டது, அறை வாசலைத் தாண்டியது, படிக்கட்டில் இறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு படியாக நான் எண்ணினேன். ஒன்பதாவது படியில் மட்டும் கொஞ்சம் தயங்கியது. பிறகு வேகமெடுத்துப் படிக்கட்டடிச் சுவரில் மோதி, முறம் அளவுக்குப் பூச்சைப் பெயர்த்துத் தள்ளிவிட்டு, அப்போதுதான் குனிந்து நுழைந்துகொண்டிருந்த மிசியே பொர்த்தானின் பூட்ஸுக்கு முன்னால் வந்து நின்றது. நான் மேலே இருந்தாலும் முற்றத்து வழியாகப் படிக்கட்டின் அடி எனக்கு நன்றாகத் தெரிந்தது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே சௌகரியம் அதுதான்.

துரை கல்லைப் பார்த்தார். படிக்கட்டைப் பார்த்தார். ஏறினார். பின்னாலேயே மரியதாஸ், விருத்தாம்பாள். அறைக்குள் வந்துவிட்டார்கள் என்பது என் பாதத்துக்குத் தெரிந்தது.

மரியதாஸ்தான் தொண்டையைச் செருமினான். “மேல தொங்கறது யாருன்னு தொர கேக்கறாருமா.”

“எங்க வூட்டுக்காரரு.”

“எதுக்குத் தொங்கறாருன்னு கேக்கறாரு.”

“முப்பத்தஞ்சு வருசமா நானும் அதத்தான் கேட்டுகினு இருக்கேன்னு சொல்லு.”

நான் மேலிருந்து கத்தினேன்: “மரியதாஸு! பீரங்கிக் குண்டு! ஆயிரத்து எழுநூத்தி அறுவதுல ஆங்கிலேயன் சுட்டதுன்னு சொல்லுபா!”

துரை ஏதோ கேட்டார். மரியதாஸ் தயங்கித் தயங்கிச் சொன்னான். “குண்டு கல்லா இருக்குதே, இரும்புல்ல இருக்கணும்னு கேக்கறாருங்கய்யா.”

“ஆங்கிலேயன் கஞ்சன்னு சொல்லு. தமிழன் வூட்டுக்கு இரும்பு எதுக்குன்னு கல்லுலயே சுட்டுட்டான்!”

இதைக் கேட்டதும் துரை இறங்கிப் போய்விட்டார். “இவர யாராச்சும் தூக்கி வுடணுமே” என்றான் மரியதாஸ். “இருக்கட்டும், எங்க போயிடப் போறாரு” என்று விருத்தாம்பாளும் இறங்கிவிட்டாள்.

வீடு போயிற்று என்று முடிவு கட்டிவிட்டேன். பாகூர்க் கரும்பு வரிசை வரிசையாகக் கண்முன் வந்து நின்றது. ஆனால் துரை வாசலுக்குப் போகவில்லை. பூச்சு பெயர்ந்த சுவருக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டார். பையிலிருந்து பூதக்கண்ணாடி ஒன்றையும் பேனாக்கத்தி ஒன்றையும் எடுத்தார். உடைந்த விளிம்பில் வெள்ளைமேல் வெள்ளையாக, ஈர்க்குச்சி கனம்கூட இல்லாத ஏடுகள். கத்தி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு வாய்க்குள் எண்ணத் தொடங்கினார். மரத்தை அறுத்து வளையம் எண்ணுவார்களே, அந்த மாதிரி. எண்ணி முடிக்கிறதுக்குள் வெயில் என் மண்டைக்கு நேரே வந்துவிட்டது.

“நூத்தி அறுவத்தி ஒம்பது பூச்சும்மா” என்றான் மரியதாஸ். “எத்தினி வருசத்துக்கு ஒரு தபா வெள்ளையடிப்பீங்கன்னு கேக்கறாரு.”

விருத்தாம்பாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. “எத்தினி வருசத்துக்கு ஒரு தபாவா? வருசா வருசம் பொங்கலுக்கு அடிக்கறோம். அடிக்காத பொம்பள ஒருத்திகூட இந்த வூட்டுக்கு வாழ வரல.”

“அப்பன்னா நூத்தி அறுவத்தி ஒம்பது வருசம்னு எழுதிக்கறாராம்.”

“அதெப்பிடி? தப்புக் கணக்கு. நேத்து அடிச்சது பொங்கல் பூச்சில்ல, அவுருக்காக அடிச்சது. அதக் கழிக்கச் சொல்லு. கல்யாணத்துக்குத் தனியா அடிப்போம். என்னோடத சேத்து இந்த வூட்டுல பத்து கல்யாணம். அதையும் கழி. ஆனா சாவு வுழுந்த வருசம் பொங்கல் கெடையாது, வெள்ள கெடையாது. அதக் கூட்டணும்.”

“எத்தினி சாவுன்னு தெரியுமாம்மா?”

அவள் விரலை மடக்கினாள். தன் மாமியார் தனக்குச் சொன்னது, மாமியாருக்கு அவர் மாமியார் சொன்னது என்று வரிசையாக இறக்கினாள். காலராவில் போன அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே வருஷம். அதனால் ஒன்றுதான் கணக்கு. கப்பலேறிப் போய் ரெயூனியனில் செத்தவருக்குச் சேதி வந்த வருஷம். கிணற்றில் விழுந்தவள். என் தாத்தா, என் அப்பா, என் அம்மா. பன்னிரண்டு வந்தது. துரை எழுதிக்கொண்டே வந்தார்.

“அப்பறம் எங்களுக்கு ஒரு பொண்ணு பொறந்து நாலு மாசத்துல போயிடுச்சி” என்றாள். “அந்த வருசமும் அடிக்கல. அதோட பதிமூணு.”

கைக்குழந்தைக்கெல்லாம் பொங்கலை நிறுத்தும் வழக்கம் எங்களில் இல்லை. அந்த வருஷம் சுண்ணாம்பு கிடைக்கவில்லை என்றுதான் நான் ஊரெல்லாம் சொல்லியிருந்தேன். மேலே நான் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அக்குள் வலித்தது, வேறு ஒன்றுமில்லை.

துரை கணக்குப் போட்டார். நூற்று அறுபத்தொன்பதில் நேற்றைய பூச்சு ஒன்று போக, கல்யாணம் பத்து போக, சாவு பதின்மூன்று சேர, நூற்றெழுபத்தொன்று. வீடு கட்டியது ஆயிரத்து எழுநூற்று அறுபத்தைந்து. அவர் எழுந்து விருத்தாம்பாளுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றினார். அவள் எதற்கென்று தெரியாமல் ஒரு சொம்பு மோரைக் கொடுத்தாள்.

போகிறபோது முற்றத்தில் நின்று அண்ணாந்து என்னைப் பார்த்து ஒன்று கேட்டார். மரியதாஸ் வாயைப் பொத்திக்கொண்டு மொழிபெயர்த்தான்: “சண்ட நடந்து அஞ்சு வருசம் கழிச்சித்தான் வூடே கட்டியிருக்கீங்க. அப்பறம் குண்டு எப்பிடி வுழுந்துதுன்னு கேக்கறாருங்கய்யா.”

“ரொம்ப தூரத்துலேர்ந்து வந்துதுன்னு சொல்லுபா” என்றேன். “அப்பல்லாம் வண்டி வாகனம் மெதுவு.”

அந்த மனிதர் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். பிறகு நான்கு பேர் வந்து என்னைப் பிடுங்கினார்கள்.

இருபது நாளில் உத்தரவு வந்தது. வீடு பட்டியலில் ஏறிவிட்டது! தெருவில் போகிற வருகிறவனுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் மரியதாஸ் இரண்டாவது பக்கத்தைப் படித்துக் காட்டினான். துரை பார்த்த அன்று வீடு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கவேண்டும். பெயர்ந்த பூச்சைப் பூசக்கூடாது. ஏடு எண்ணுவது கெட்டுப்போகும் என்பதால் இனி வெள்ளையே அடிக்கக்கூடாது. தளத்து ஓட்டை, என் உடம்பு அளவுக்குச் சரியாக வெட்டியது போன்ற அந்த ஓட்டை, அதுவும் சரித்திரம். அடைக்கக்கூடாது.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஊருக்கெல்லாம் கூரைமேல் பெய்தது. எனக்குக் கட்டில்மேல் பெய்தது. கட்டிலை நகர்த்தலாமா என்று மேரியில் மனுப் போட்டேன். பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள். தெரு மட்டும் சொன்னபடி ஒதுங்கியது. இரண்டு பக்கமும் நேராக வந்து, எங்கள் வீட்டுக்கு முன்னால் பயபக்தியோடு வளைந்து, மறுபடி நேராகப் போயிற்று. வளைவு தெரியாமல் வந்த மாட்டுவண்டிகள் எல்லாம் எங்கள் முற்றத்துக்குள் வந்து திரும்பிப் போயின. விருத்தாம்பாள் ஒவ்வொரு மாட்டுக்கும் கழுநீர் வைத்தாள். நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம்.

தை பிறந்தது. சுண்ணாம்பைக் குழைத்து வைத்துக்கொண்டு, தொடக்கூடாத சுவரைப் பார்த்தபடி அவள் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள். மறுநாள், சுண்ணாம்புப் பானையையும் வெள்ளையடிக்கிற மட்டையையும் வண்டியில் ஏற்றினாள். வெள்ளையடிக்காத வீட்டில் அவளுக்கு மூச்சு முட்டியது. எனக்கும் காற்று மாறினால் தேவலை என்று தோன்றியது. வேறு காரணம் எதுவும் கிடையாது. சுப்பராயலு கேட்டால் வேறு மாதிரி சொல்வான். அவன் பேச்சில் கரும்பைத் தவிர எதையும் நம்பக்கூடாது.

இந்தத் தை மாதம் விருத்தாம்பாள் பாகூர் வீட்டுச் சுவருக்குப் பதினோராவது பூச்சு பூசி முடித்தாள். துலாக்கல் பழையபடி கிணற்றடியில் இருக்கிறது.

வில்லியனூரில் எங்கள் தெரு இப்போது, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும், எங்கேயும் வளையாமல், நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறது.